கடைசி வழக்கில் ஒரு பசு

எங்கள் பழைய நீதிமன்றக் கட்டடத்தில் மின்தூக்கி கிடையாது. இதை முதலிலேயே தெரிவித்துவிடுவது முறை என்று நினைக்கிறேன். அந்த ஜூன் மாதச் சனிக்கிழமை க்ரெட்டா சாண்டால் உள்ளே நுழைந்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதைப் பற்றியதாகவே இருந்தது.

"ஓர்ஃபா ஆன்ட்டி, லிஃப்ட் ஏதாவது எங்கயாவது ஒளிச்சு வெச்சிருக்கீங்களா? சரக்கு ஏத்துற லிஃப்டா இருந்தாலும் பரவால்ல."

"இல்லையேம்மா. நீதிபதிங்களே படியேறித்தான் வந்தாங்க."

"அப்ப எங்கப்பாவ எப்படி மேல கொண்டு போறது? அவருக்கு முட்டி வலியாம்."

"முட்டி வலி" என்ற சொற்களை அவள் உச்சரித்த விதத்தில் அனுதாபத்தைவிடச் சந்தேகமே மிகுந்திருந்தது. அவளுக்குப் பின்னால் நின்ற அவளுடைய தாயார் மார்லிஸ், வாசலை ஒட்டிக் காட்சிக்கு வைத்திருந்த, அந்தக் காலத்து எச்சில் துப்பும் பாத்திரத்தை மிகுந்த கவனத்துடன் ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"போன வாரம்தான் தானியக் கிடங்கு ஏணியில மேல வரைக்கும் ஏறினாரு" என்றாள் க்ரெட்டா. "மார்ட்டி கண்ணால பாத்தான். அங்க வலிக்காத முட்டி இந்தப் படியில மட்டும் எப்படிம்மா வலிக்கும்?"

"ஏணி வேற, படி வேற" என்றார் மார்லிஸ், பாத்திரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே.

மார்ட்டி என்பவர் மாப்பிள்ளை. அவருடைய குடும்பம் செக் நாட்டிலிருந்து வந்து குடியேறிய கத்தோலிக்கக் குடும்பம். சாண்டால்கள் ஸ்வீடனிலிருந்து வந்த, லூத்தரன் சபையைச் சேர்ந்தவர்கள். எந்தத் தேவாலயத்தில் திருமணம் வைத்தாலும் ஏதோ ஓர் அத்தை வராமல் இருந்துவிடுவார் என்ற நிலையில், இப்போது அருங்காட்சியகமாகிவிட்ட இந்தக் கட்டடத்தின் மேல்தளத்தில் இருக்கும் நீதிமன்ற அறையை க்ரெட்டா தேர்ந்தெடுத்திருந்தாள். கூரைச் செலவை ஈடுகட்டுவதற்காக எங்கள் வரலாற்றுச் சங்கம் அந்த அறையைத் திருமணங்களுக்கு விடுவதுண்டு. ஆளுயரத்துக்கும் மேலான சன்னல்கள் இருப்பதால் புகைப்படங்கள் நன்றாக அமைகின்றன என்று மணமக்கள் சொல்கிறார்கள்.

"இங்க பாருங்க ஆன்ட்டி" என்று க்ரெட்டா என் மேசையின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள். "அப்பா கைய புடிச்சிக்கிட்டுத்தான் நான் அந்த அறைக்குள்ள நடந்து வரணும். அவரு கீழயே நிப்பேன், பார்க்குல விருந்துக்கு வந்துர்றேன்னு சொல்றாரு. அவரு மேல வரலேன்னா எனக்கு இந்த இடமே வேணாம். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள சொல்லணும், இல்ல?"

"அதே தேதிய இன்னொரு ஜோடியும் கேட்டிருக்காங்கம்மா. எங்க சங்கத் தலைவி வெர்டெல் அம்மா இன்னிக்கு வரைக்கும்தான் நிறுத்தி வெக்கச் சொன்னாங்க."

"அதான் அவர வரச் சொல்லியிருக்கேன். படிய ஒரு தடவ கண்ணால பாக்கட்டும். அதுக்கப்புறம் முட்டி என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

அவர் வருவதற்குள் அறையைப் பார்த்துவிடலாம் என்று மேலே சென்றோம். நான் முன்னால் ஏறினேன். கீழ்த்தளத்தில் அந்நாளைய மாவட்டப் பொருளாளரின் இரும்பறை இருக்கிறது. இப்போது அதில் பழைய மணப்பெண் உடைகளைத் தொங்கவிட்டிருக்கிறோம். வழக்கமாகத் திருமணத்துக்காக வருபவர்கள் அங்கே நீண்ட நேரம் நிற்பார்கள். மார்லிஸ் நிற்கவில்லை. படியின் திருப்பத்தில் வலப்பக்கத்துக் கைப்பிடி ஆடும், பிடிக்க வேண்டாம் என்று நான் எச்சரிப்பதற்கு முன்பே அவர் இடப்பக்கத்துக் கைப்பிடிக்கு மாறிவிட்டதைக் கவனித்தேன். கவனித்தேனே தவிர, அதைப் பற்றி எதுவும் நினைக்கவில்லை.

என்னைப் பற்றி ஒரு செய்தியை இங்கே குறிப்பிட வேண்டியிருக்கிறது, பொறுத்தருள வேண்டும். நான் மணமாகி இந்த மாவட்டத்துக்கு வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பக்கத்து மாநிலத்திலிருந்து வந்தவள் என்பதால் இன்னும் எனக்கு "அயோவாக்காரி" என்றுதான் பெயர். இந்த ஊரில் எல்லோருக்கும் எல்லோரைப் பற்றியும் எல்லாம் தெரியும்; ஆனால் எவரும் எதையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஆகவே எனக்கு முன் நடந்தவை எனக்குத் தெரியாமலே இருந்துவிட வாய்ப்பு மிகுதி.

மேலே வெயில் சன்னல் வழியாகத் தரையில் நீளமாக விழுந்திருந்தது. பொதுமக்கள் அமரும் நீண்ட பலகைகள், அவற்றுக்கு முன்னால் இடுப்பளவு உயரத்தில் ஒரு மரத் தடுப்பு, தடுப்பின் நடுவில் இருபுறமும் ஆடும் சிறு கதவு. அதற்கப்பால் வாதிக்கு ஒரு மேசை, பிரதிவாதிக்கு ஒரு மேசை. சுவரோரத்தில் ஜூரிகளின் நாற்காலிகள் தரையோடு திருகப்பட்டிருக்கின்றன. மேடை மேல் நீதிபதியின் இருக்கை. நீதிமன்றம் நெடுஞ்சாலையோரத்துப் புதிய கட்டடத்துக்குப் போன நாளில் எப்படி இருந்ததோ அப்படியே வைத்திருக்கிறோம்.

க்ரெட்டா சிறு கதவைத் தள்ளினாள். அது வழக்கம்போல் நீளமாகக் கத்தியது.

"ஐயோ! இதுக்கு எண்ணெய் போடக் கூடாதா ஆன்ட்டி?"

"சங்கத்துல அனுமதிக்க மாட்டாங்கம்மா. அந்தச் சத்தமும் பழசுதானாம்."

அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போய்ச் சன்னலருகே நின்று, எந்த இடத்தில் பூக்கள் வைக்கலாம் என்று கைகளால் அளந்தாள். "மார்ட்டி வீட்டாளுங்க இந்த மேசைப் பக்கம், நம்மாளுங்க அந்த மேசைப் பக்கம். எந்தப் பக்கமும் சேராதவங்கள ஜூரி நாற்காலில போட்டுரலாம். என்னம்மா சொல்ற?"

மார்லிஸ் கதவுக்கு வெளியிலேயே நின்றிருந்தார். பிறகு கைப்பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, எவரும் சொல்லாமலே வாதியின் மேசைக்குப் பின்னால் சன்னல் பக்கத்து நாற்காலியில் அமர்ந்தார். அமர்ந்ததும் ஏதோ சுட்டதுபோல எழுந்துவிட்டார்.

அந்தத் தயக்கத்தைப் போக்குவது என் கடமை என்று கருதினேன். விருந்தினர்கள் மௌனமாக இருந்தால் எனக்குத் தெரிந்த ஒரே உபாயம், சொல்லிப் பழகியதைச் சொல்வதுதான். எனவே நீதிபதியின் மேடைக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டியிருக்கும் பெரிய புகைப்படத்தின் அருகே அவர்களை அழைத்துச் சென்றேன்.

அது இந்த அறையில் விசாரணை நடந்த கடைசி நாளன்று செய்தித்தாள்காரர் ஒருவர் பொதுமக்கள் பலகைக்குப் பின்னாலிருந்து எடுத்த படம். எவருடைய முகமும் தெரியாது. ஒரு மேசையில் நீண்ட ஒற்றைப் பின்னலுடன் ஓர் இளம்பெண்ணின் முதுகு. மற்றொரு மேசையில் புதிதாக முடி வெட்டிய ஓர் இளைஞனின் முதுகு. வெயில் படாத அவன் பிடரி வெள்ளையாகப் பளிச்சிடும். கீழே எங்கள் சங்கத் தலைவி வெர்டெல் ஹோக்லண்ட் எழுதிய விளக்க அட்டை.

பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலவே அவர்களுக்கும் சொன்னேன்.

"இதுதான் இந்த மன்றத்துல நடந்த கடைசி வழக்குங்க. பக்கத்துப் பக்கத்துப் பண்ணைக்காரங்க ரெண்டு பேருக்கு ஒரு கறவைப் பசு யாருக்குங்கறதுல தகராறு. நீதிபதி சுமுகமா தீத்து வெச்சாரு. ரெண்டு தரப்பும் கை குலுக்கிட்டுப் போனாங்க. பிள்ளைங்க வந்தா எல்லாரும் பசுவோட பேரத்தான் கேப்பாங்க. அதுதாங்க எங்களுக்குத் தெரியாமப் போச்சு."

"பெட்டூனியா" என்றார் மார்லிஸ்.

நான் பணிவுடன் அவரைப் பார்த்தேன். க்ரெட்டாவும் பார்த்தாள்.

"என்னம்மா?"

"பசுவோட பேரு. பெட்டூனியா. நெத்தியில வெள்ளையா ஒரு திட்டு இருக்கும். பால் கறக்கும்போது பாட்டுப் பாடலேன்னா உதைக்கும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

மார்லிஸ் கையை நீட்டி, கண்ணாடியின் மேல் அந்த ஒற்றைப் பின்னலைத் தொட்டார். "ஏன்னா இந்தப் பக்கத்துப் பண்ணைக்காரி நான்தான்."

பிறகு விரலை மெதுவாக நகர்த்தி அந்த வெள்ளைப் பிடரிக்குக் கொண்டு போனார். "அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரரு உங்கப்பா."

 எனக்கு என் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எத்தனையோ சனிக்கிழமைகளில் எத்தனையோ பேரிடம் நான் பெருமையோடு சொன்ன அந்தப் பசு வழக்கு, இந்த அம்மாளின் விவாகரத்து.

"இங்கயா?" என்றாள் க்ரெட்டா. "இந்த ரூம்லயா? புது கோர்ட்டுலன்னுல்ல நான் நினைச்சிட்டிருந்தேன்! ஏம்மா சொல்லல?"

"எப்படிச் சொல்றது? நீ வந்து சன்னலு அழகா இருக்கு, சன்னலு அழகா இருக்குன்னு குதிச்ச. அழகாத்தான இருக்கு."

"அம்மா!"

"அன்னிக்கும் நான் சன்னலத்தான் பாத்துட்டிருந்தேன். வேற எதப் பாக்குறது?" என்றவர், அட்டையைக் குனிந்து மறுபடியும் படித்தார். "இத யாருங்க எழுதினது?"

"வெர்டெல் அம்மாங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "ரொம்ப மன்னிக்கணும். எனக்குத் தெரியாது..."

"வெர்டெல்லா! அவ அன்னிக்கு இங்கதான இருந்தா, தட்டச்சு பண்ணிக்கிட்டு. விவாகரத்துன்னு எழுத மனசு வரல அவளுக்கு. 'சுமுகமாகத் தீர்க்கப்பட்டது'!" என்று சொல்லி, மார்லிஸ் சிரிக்கத் தொடங்கினார். முதலில் தோள்கள் குலுங்கின. பிறகு ஜூரி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய, அந்த உயரமான கூரை எதிரொலிக்கும்படி சிரித்தார்.

அந்த நேரத்தில் கீழே வாசல் மணி ஒலித்தது. ஓடிவிட ஒரு காரணம் கிடைத்ததற்காக நன்றியுடன் நான் கீழே இறங்கினேன்.

உயரமான ஒரு மனிதர், பழங்கால வேலி முள்கம்பிகளைக் காட்சிக்காகப் பதித்திருக்கும் பலகையின் முன் நின்றிருந்தார். விதை நிறுவனத்தின் பெயர் பொறித்த தொப்பி கையில் இருந்தது. தொப்பி இருந்த இடத்துக்குக் கீழே முகம் செங்கல் நிறம். மேலே நெற்றி பால் வெள்ளை. காதுகளுக்கு மேல் நரைமுடி அடர்ந்து வளர்ந்திருந்தது.

"ஆர்லன் சாண்டால்ங்க" என்றார். "படிய பாக்கச் சொன்னா என் பொண்ணு."

"வாங்க. மழ ஏதும் வர மாதிரி இருக்குங்களா?"

"மேற்க கொஞ்சம் கருத்திருக்கு. நம்ம பக்கம் வராது. எப்பவும் ஆத்தத் தாண்டினதும் வடக்க திரும்பிரும்."

"சோளத்துக்கு வேணுமேங்க."

"வேணும்தான்." அவர் படியை ஒருமுறை பார்த்தார், பிறகு மீண்டும் முள்கம்பிகளின் பக்கம் திரும்பிக்கொண்டார். "படி செங்குத்தாத்தான் இருக்கு. இங்கயிருந்தே தெரியுது. முட்டிக்கு ஒத்து வராதுங்க. அவகிட்ட சொல்லிருங்க, நான் பாத்துட்டேன்னு."

அப்போதுதான் மேலிருந்து அந்தச் சிரிப்பு மறுபடியும் கேட்டது. அவர் தலை நிமிர்ந்தது.

"அது மார்லிஸா?"

"ஆமாங்க."

"என்னத்துக்குச் சிரிக்கிறா?"

பொய் சொல்ல எனக்கு வராது. உண்மையை எந்த அளவுக்குச் சொல்வது என்றும் தெரியவில்லை. "ஒரு பசுவப் பத்திங்க" என்றேன்.

அவர் முகத்தின் செங்கல் நிறம் நெற்றிவரை ஏறியது. தொப்பியைக் காற்சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி, கைப்பிடியையே தொடாமல் ஏறினார். நான் மூச்சு வாங்கப் பின்தொடர்ந்தேன்.

மேலே போய் அறை வாசலைத் தாண்டி, பலகைகளுக்கு நடுவே நடந்து, மரத் தடுப்பின் முன்னால் நின்றுவிட்டார். தடுப்புக்கு அந்தப் பக்கம் மார்லிஸ் கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் சிரிச்சு முடியலயா உனக்கு?" என்றார் ஆர்லன். "இருபத்தேழு வருசம் ஆச்சு."

"ஆர்லன், நான்—"

"அன்னிக்கு இந்த ரூமே சிரிச்சுச்சு. வக்கீலுங்க சிரிச்சாங்க. அந்தப் பேப்பர்காரன் சிரிச்சான். நீதிபதி வாயப் பொத்திக்கிட்டாரு. போதாதா? இப்ப இவளுக்கும் சொல்லிச் சிரிக்கணுமா?"

"அப்பா" என்றாள் க்ரெட்டா. "என்னப்பா நடந்துச்சு? எனக்கு யாராவது சொல்லுங்களேன்."

மார்லிஸ் தடுப்பின் அருகே வந்தார். இருவருக்கும் நடுவில் அந்தச் சிறு கதவு மட்டும் இருந்தது. "ஆர்லன், நான் அன்னிக்குச் சிரிக்கல" என்றார். "நல்லா யோசிச்சுப் பாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கல."

ஆர்லன் புருவத்தைச் சுருக்கினார். யோசிக்கிறார் என்பது தெரிந்தது.

"நீதிபதி கேட்டாரு க்ரெட்டா" என்றார் மார்லிஸ், மகளின் பக்கம் திரும்பாமலே. "எல்லாம் முடிஞ்சிருச்சு, கையெழுத்து போடறதுக்கு முன்னாடி உங்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டியது இருக்கான்னு உங்கப்பாவக் கேட்டாரு. நான் காத்துட்டிருந்தேன். ஏழு வருசம் சேந்து வாழ்ந்தவங்க. என்னவோ சொல்லப் போறாருன்னு நினைச்சேன். எந்திரிச்சு நின்னு, 'பசுவ அவளே வெச்சிக்கட்டும்'னு சொன்னாரு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். நான் அப்ப இரும்புக் கடைக்கு மேல ஒரு ரூம் வாடகைக்கு எடுத்திருந்தேன். மாடி ரூம். அதுல பசு! எல்லாருக்கும் தெரியும் எனக்கு இடம் இல்லேன்னு. அதான் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. நீ கிண்டல் பண்றேன்னு நினைச்சேன், ஆர்லன். கடைசி வார்த்தையும் கிண்டலான்னு நினைச்சேன்."

"கிண்டலா?" ஆர்லனின் குரல் மிகவும் தாழ்ந்துவிட்டது. "அவ குடிச்சது அந்தப் பால மட்டும்தான?" அவர் க்ரெட்டாவைப் பார்க்காமல் அவளைத் தலையால் சுட்டினார். "வேற பால் குடுத்தா துப்புவா. நெனப்பில்லயா? ராத்திரியெல்லாம் அழுவா. நான் பாட்டுக்கு இருபத்தெட்டு மாட்டையும் வெச்சிக்கிட்டு, அந்த ஒண்ண மட்டுமாவது... வேற என்ன சொல்றதுன்னு தெரியல. எத்தன பேரு உக்காந்திருந்தாங்க. வாயில அதுதான் வந்துச்சு."

மார்லிஸ் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் சன்னல் வழியாகத் தானியக் கிடங்கின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போய்விடுவதா, நிற்பதா, எது மரியாதை என்று விளங்கவில்லை.

"கடையில பால் விக்குது ஆர்லன்" என்றார் மார்லிஸ் கடைசியில்.

"தெரியும்."

"ஒரு வருசம் முழுக்க ஹோக்லண்ட் வீட்டுக் கொட்டாயில கட்டி வெச்சேன் அத. தினம் ரெண்டு வேள சைக்கிள்ல போயி கறந்தேன். பாடிக்கிட்டே. வெர்டெல் சன்னல்ல நின்னு கேட்டுட்டிருப்பா."

"வித்துட்டேன்னு நினைச்சேன்."

"எப்படி விக்கிறது? இவ குடிச்சாளே."

 கீழே தெருவில் ஒரு பிக்கப் வண்டி போய் மறைந்தது.

க்ரெட்டா தன் கைப்பேசியை எடுத்தாள். முகம் வெளிறியிருந்தது. "சரி. போதும். நான் மார்ட்டிக்குச் சொல்லிர்றேன். இங்க வேணாம். பார்க்குலயே வெச்சிக்கலாம். உங்க ரெண்டு பேரையும் இந்த ரூமுக்குள்ள நிக்க வெக்கணும்னு நான் நினைச்சதே தப்பு."

"பார்க்குல மழ வந்தா?" என்றார் ஆர்லன்.

"நீங்கதான எப்பவும் வடக்க திரும்பிரும்னு சொல்வீங்க!"

"கல்யாணத்தன்னிக்கு மட்டும் திரும்பாது." அவர் சுவரிலிருந்த படத்தைத் தூரத்திலிருந்தே உற்றுப் பார்த்தார். "அது என்ன படம்?"

"வந்து பாரு" என்றார் மார்லிஸ். "நீ இருக்க அதுல. உன் பின்னந்தல."

ஆர்லன் அந்தச் சிறு கதவின் மேல் கையை வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு தள்ளினார், அது கத்தியது, அவர் உள்ளே வந்தார். க்ரெட்டா கைப்பேசியைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். 

அவர் படத்தின் முன் நின்று, மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, அட்டையை உதடு அசையப் படித்தார்.

"அண்டைக் குடும்பங்களா?"

"நாம ரெண்டு பேரும்" என்றார் மார்லிஸ்.

"கை குலுக்கிப் பிரிஞ்சமா?"

"அது மட்டும் பொய். நீ நேரா போய் வண்டியில ஏறிட்ட."

அவர் குனிந்து தன் பிடரியையே நெருங்கிப் பார்த்தார். "கோணலா இருக்கு" என்றார். "இடது பக்கம் ஏறியிருக்கு பாரு. எல்லாரும் பாக்குற மாதிரி மாட்டி வெச்சிருக்காங்க."

"நீ தலைய ஆட்டின."

"நான் ஆட்டல."

"ஆட்டின ஆர்லன். கத்தரிய காதுகிட்ட கொண்டு போனாலே ஆட்டுவ."

"இருங்க, இருங்க" என்றாள் க்ரெட்டா. "இந்த முடிய அம்மாவா வெட்டினா? எப்ப?"

"முந்தின நாள் சாயங்காலம்" என்றார் மார்லிஸ், அது மிகச் சாதாரணமான செய்தி என்பதுபோல. "மறுநாள் நீதிபதி முன்னாடி நிக்கணும். கழுத்து வரைக்கும் தொங்கிட்டிருந்துச்சு. எனக்குத்தான கேவலம்?"

க்ரெட்டா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "விவாகரத்துக்கு முந்தின நாள் முடி வெட்டி விட்டியா? உங்கள மாதிரி ஆளுங்கள நான் எங்கயும் பாத்ததில்ல!"

"இப்ப எவன் வெட்டுறான் உனக்கு?" என்று மார்லிஸ் ஆர்லனைக் கேட்டார்.

"டவுன்ல ஒருத்தன்."

"அவன் கண்ணு தெரியாதவனா? காதுக்கு மேல புதர் மாதிரி இருக்கு."

"கல்யாணத்துக்கு முன்னாடி வெட்டிப்பேன்."

அவர் சொல்லி முடித்த பிறகே எல்லோருக்கும் அது உறைத்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிறு கதவின் பக்கம் நடந்தார். அதை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார். இரண்டு முறையும் கத்தியது.

"ஏங்க, இதுக்கு எண்ணெய் போடக் கூடாதா?" என்று என்னைக் கேட்டார். "நாங்க நடந்து வர்றப்ப இது இப்படிக் கத்தினா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க."

"திரும்பிப் பாக்கத்தானப்பா கல்யாணம்" என்றாள் க்ரெட்டா. 

"எந்தக் கைய புடிக்கணும்? வலதா, இடதா?"

"இடது."

"சரி." அவர் தொப்பியைப் பையிலிருந்து எடுத்து, மடிப்புகளை நிமிர்த்தினார். "ஒரு தடவ நடந்து பாத்துருவோம். முட்டி சூடா இருக்கறப்பவே."

அவர்கள் வாசல் வரை சென்று, அங்கிருந்து மெதுவாக நடந்து வந்தார்கள். மார்லிஸ் மீண்டும் அந்தச் சன்னல் பக்கத்து நாற்காலியில் அமரப் போனார். பாதியில் மனத்தை மாற்றிக்கொண்டு ஜூரி நாற்காலி ஒன்றில் அமர்ந்தார். அது சுழலும் என்பதை அவர் எதிர்பார்க்கவில்லை போலும். லேசாகச் சுற்றி, சுவரைப் பார்த்து நின்று, மறுபடியும் தரையைக் காலால் உந்தித் திரும்பினார்.

அன்று மாலை வெர்டெல் அம்மாளுக்குத் தொலைபேசியில் இரண்டு செய்திகள் தெரிவித்தேன். அறை உறுதியாகிவிட்டது என்பது ஒன்று. விளக்க அட்டையைத் திருத்த வேண்டியிருக்கலாம் என்பது மற்றொன்று. அதற்குக் காரணத்தையும், என்னால் இயன்றவரை நாசூக்காக, சொன்னேன்.



"பசு இருந்துச்சா இல்லயா?" என்றார் வெர்டெல்.

"இருந்ததுங்க."

"எங்க கொட்டாயில கட்டியிருந்தாங்களா இல்லயா?"

"ஆமாம்னு சொன்னாங்க."

"அப்புறம் என்ன ஓர்ஃபா? நாலு பேரு வந்து போற இடம். எழுத வேண்டியத எழுதியிருக்கு. விடு."

நான் விட்டுவிட்டேன். பிள்ளைகள் கேட்டால் பசுவின் பெயரை மட்டும் இப்போது சொல்கிறேன்.

திருமணத்தன்று காலையில் மழை பெய்தது. மேகங்கள் ஆற்றைத் தாண்டி நேராக எங்கள் ஊருக்கே வந்தன. பார்க்கில் போட்டிருந்த பந்தல் நனைந்து தொங்க, மார்ட்டியின் தாயார் சுட்டுக்கொண்டு வந்த பழக்கூழ் ரொட்டிகளைக் கீழ்த்தளத்து முள்கம்பிப் பலகைக்கு அடியில் மேசை போட்டு அடுக்கினோம். இரண்டு தேவாலயங்களின் அத்தைகளும் வந்திருந்தார்கள். ஆளுக்கொரு மேசைப் பக்கம் அமர்ந்து, அடுத்த பக்கத்துத் தொப்பிகளைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

பொறுப்பாளர் என்ற முறையில் நான் கடைசிப் பலகையில், வெர்டெல் அம்மாளுக்குப் பக்கத்தில் அமர்ந்தேன். க்ரெட்டாவும் ஆர்லனும் எங்களைக் கடந்து முன்னே சென்றார்கள். அவர் சாம்பல் நிறக் கோட்டு அணிந்திருந்தார். சிறு கதவு கத்தியது. முன்வரிசைகளில் இருந்த அத்தனை பேரும் திரும்பி மணப்பெண்ணைப் பார்த்தார்கள்.

எனக்குத் தெரிந்தது பின்பக்கம் மட்டும்தான். ஆர்லனின் முடி புதிதாக வெட்டப்பட்டிருந்தது. காதுக்கு மேலிருந்த புதர் போய்விட்டது. வெயில் படாத பிடரி வெள்ளையாகப் பளிச்சிட்டது. இடப்பக்கம் கோடு சற்று ஏறியிருந்தது. வெர்டெல் அம்மாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, சுவரிலிருந்த படத்தை ஒருமுறை பார்த்தார், பிறகு அந்தப் பிடரியைப் பார்த்தார்.

ஜூரி நாற்காலியில் அமர்ந்திருந்த மார்லிஸ் மட்டும் மணப்பெண்ணைப் பார்க்கவில்லை. தலையைச் சற்றுச் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கி, அந்தக் கோணலான கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.